"கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கிச் சூடு" என்றால் என்ன?

"கூட்டத்தைக் கலைக்க போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர்." சின்ன வயதிலிருந்து இந்த வரியைச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்போம், படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். எங்காவது பெரிதாக நடந்துவிட்டால் மட்டும் வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் அதே நாலு பேச்சு சுற்றிவரும். "முழங்காலுக்குக் கீழே சுட்டிருக்கலாமே." "முதல்ல வானத்தைப் பார்த்துச் சுட்டு எச்சரிச்சிருக்கணும்." "144 போட்ட அப்புறம் ஏன் போனாங்க?" "கல்லெறிஞ்சா போலீஸ் பூவா போடும்?"

முதல் இரண்டையும் சொல்பவர் போராட்டக்காரர் பக்கம் நிற்பதாக நினைக்கிறார். அடுத்த இரண்டைச் சொல்பவர் போலீஸ் பக்கம். ஆனால் நாலு பேரும் வழுக்குவது ஒரே இடத்தில்தான். "கலைக்க" என்ற அந்தச் சொல்லில்.

இதை 2024 ஜூலை, ஆகஸ்டில் வங்கதேசத்தில் நடந்ததை வைத்தே பார்ப்போம். சமீபத்தில் நடந்தது, வீடியோவில் ஏராளமாகப் பதிவானது, ஐ.நா. மனித உரிமை அலுவலகமே நேரில் போய் விசாரித்து 2025 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. இன்னொரு காரணமும் உண்டு, அங்கே போலீஸ் கையில் இருப்பதும் நம் ஊர்ச் சட்டத்துக்கு உடன்பிறந்த சட்டம்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். அரசு வேலையில் 1971 விடுதலைப் போரில் சண்டையிட்டவர்களின் வாரிசுகளுக்கு இருந்த 30 சதவீத ஒதுக்கீட்டை 2018-ல் அரசு எடுத்துவிட்டது. 2024 ஜூன் 5-ம் தேதி உயர் நீதிமன்றம் அந்த முடிவு செல்லாது என்றது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 15-ம் தேதி ஆளும் கட்சியின் மாணவர் அணி டாக்கா பல்கலைக்கழகத்தில் அவர்களை அடித்தது, 16-ம் தேதி முதல் உயிர்கள் போயின. அதன்பிறகு அது ஒதுக்கீட்டுப் போராட்டமாக இல்லை, அரசுக்கு எதிரான போராட்டம். ஆகஸ்ட் 5-ம் தேதி பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஐ.நா. அறிக்கையின் கணக்கு. அதில் 12, 13 சதவீதம் பேர் சிறுவர்கள்.

கூட்டம் என்பது ஓர் ஆள் இல்லை

பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு வாத்தியார் எல்லாருக்கும் வாய்த்திருப்பார். கடைசி பெஞ்சில் எவனோ விசிலடிப்பான், அவர் மொத்த வகுப்பையும் முட்டி போட வைப்பார். முதல் பெஞ்சில் வாய் திறக்காமல் எழுதிக்கொண்டிருந்தவனுக்கும் அதே முட்டிதான். அது அநியாயம் என்று பத்து வயதிலேயே நமக்குத் தெரிந்துவிட்டது.

கூட்டத்தின் மீது சுடுவதும் அந்த வாத்தியார் கணக்குதான், முட்டிக்குப் பதில் குண்டு. கூட்டத்தில் பத்தாயிரம் பேர் இருப்பார்கள், ஒருத்தன் பெட்ரோல் குண்டு வைத்திருப்பான், நூறு பேர் கல்லெறிவார்கள், மீதிப் பேர் கோஷம் போடுவார்கள், சிலர் ஆபீஸ் முடிந்து வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களாக இருப்பார்கள். இத்தனை பேரையும் சேர்த்துக் "கூட்டம்" என்று நாம் சொல்வது பேச்சு வசதிக்கு. குண்டு கூட்டத்தில் படுவதில்லை, ஓர் ஆள் மேல்தான் படும். அதனால் கேள்வியும் அந்த ஆளைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும்: குண்டு பட்ட இந்த மனிதர், சுட்ட அந்த வினாடியில், என்ன செய்துகொண்டிருந்தார்?

பாம்பும் எலியும்

உயிர்பறிக்கும் பலம் என்று ஒன்று உண்டு. சாவு ஏற்பட நல்ல வாய்ப்பிருக்கும் எந்தப் பலத்தையும் அப்படிச் சொல்வார்கள். கடைசியில் ஆள் செத்தாரா பிழைத்தாரா என்பது கணக்கில்லை, மனிதனை நோக்கித் துப்பாக்கியால் சுட்டாலே அது உயிர்பறிக்கும் பலம்தான்.

இதைப் போலீஸ் எப்போது கையில் எடுக்கலாம்? 1990-ல் ஹவானாவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் இதற்கென்றே அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தார்கள். அதைச் சட்ட மொழியில் சொல்வதைவிடப் பாம்பை வைத்துச் சொல்லிவிடலாம்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது, குழந்தை பக்கத்தில் படமெடுத்து நிற்கிறது. அடிக்கிறீர்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே பாம்பு கொல்லைப்பக்கமாக வெளியே ஊர்ந்து போய்க்கொண்டிருக்கிறது, துரத்திப் போய் அடிக்கிறீர்கள் என்றால் அது உங்கள் ஆத்திரம், குழந்தையைக் காப்பாற்றியதில் சேராது. இந்த வித்தியாசத்துக்குப் பெயர் உடனடி ஆபத்து. ஒருவரின் உயிருக்கோ, உயிர் போகும் அளவு காயத்துக்கோ இப்போதே, இந்த நொடியே ஆபத்து இருக்க வேண்டும். நேற்று அடித்தான், நாளைக்கு அடிப்பான் என்பதெல்லாம் இதில் வராது.

அடுத்தது தேவை. பாம்பைக் கம்பால் தள்ளிவிட முடியும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்த முடியும் என்றால் அடிக்க வேண்டிய தேவையே இல்லை. கண்ணீர்ப்புகை, தடுப்பு, பின்வாங்கி நிற்பது எதுவும் உதவாது என்ற நிலை வந்தால்தான் துப்பாக்கி. மூன்றாவது அளவு. "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம்" என்று கிராமத்தில் சொல்வார்களே, அதுதான். தடுக்கப்போகும் கேட்டைவிடத் தடுக்கும் வழி பெரிய கேடாக இருக்கக் கூடாது. கடை எரிகிறது, பஸ் எரிகிறது என்பதற்காக ஆளைக் கொல்ல முடியாது. எரிகிற பஸ்ஸுக்குள் ஆள் இருந்தால் கணக்கு மாறும்.

ஆக இதுவரை: சுடுவதற்கான அனுமதி ஒரு கூட்டத்துக்கு எதிராகக் கிடைப்பதில்லை, இன்னொருவர் உயிரை இப்போது பறிக்கப்போகும் ஒரு மனிதருக்கு எதிராக, வேறு வழியே இல்லாதபோது மட்டும் கிடைக்கிறது.

ரங்பூரில் 14 மீட்டர்

2024 ஜூலை 16, வடக்கு வங்கதேசத்தில் ரங்பூர் நகரம், பேகம் ரொக்கேயா பல்கலைக்கழக வாசல். அபு சயீது என்ற மாணவர் சாலையில் தனியாக நிற்கிறார். எதிரே ஷாட்கன்னோடு போலீஸ். ஒரு கையில் கம்பு, இரண்டு கைகளையும் அகல விரித்து நெஞ்சைக் காட்டி நிற்கிறார். சுடுகிறார்கள். கொஞ்சம் தடுமாறுகிறார், மறுபடியும் கையை விரிக்கிறார். கடைசியில் சாலை நடுவில் இருக்கும் தடுப்பைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிடுகிறார். இதெல்லாம் கேமராவில் இருக்கிறது. பார்த்தவர்களுக்கு அந்த விரித்த கை மறக்காது.

இப்போது உடனடி ஆபத்து, தேவை, அளவு என்ற நம் மூன்று கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள். குறைந்தது இரண்டு முறை, சுமார் 14 மீட்டர் தூரத்திலிருந்து சுடப்பட்டார் என்பது ஐ.நா. அறிக்கைக்காகச் செய்த ஆய்வின் முடிவு. 14 மீட்டர் என்றால் ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். பஸ்ஸின் பின்பக்கம் கம்போடு நிற்கும் ஒருவரால், பஸ்ஸின் முன்பக்கம் ஹெல்மெட்டும் கவச உடையும் போட்டு நிற்பவரின் உயிருக்கு அந்த நொடியில் என்ன ஆபத்து? பக்கத்தில் வேறு போராட்டக்காரர்கள் கல்லெறிந்துகொண்டிருந்தார்களா என்பது வாத்தியார் கணக்கு. இந்த மனிதர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி, அவர் கையை விரித்து நின்றார். வேண்டுமென்றே செய்த கொலை என்று நம்ப இடமிருப்பதாகத்தான் ஐ.நா. அறிக்கையும் சொல்கிறது.

போலீஸ் பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? போராட்டக்காரர்கள் பல பக்கமிருந்தும் சுட்டார்கள், செங்கல் எறிந்தார்கள், ஒரு கட்டத்தில் ஒரு மாணவர் கீழே விழக் காணப்பட்டார். விழக் காணப்பட்டாராம்! யார் சுட்டதில் விழுந்தார் என்று ஒரு வார்த்தை கிடையாது. வீடியோ மட்டும் இல்லாதிருந்தால் அந்த வாக்கியம்தான் வரலாறாக நின்றிருக்கும்.

முழங்கால், வானம், சின்னச் சின்னக் குண்டு

முழங்காலுக்குக் கீழே சுடுவது "கொல்லாமல் சுடுவது" என்று நாம் நினைக்கிறோம். இந்தியப் போலீஸ் விதிமுறைகளிலும் தாழ்வாகக் குறிவைக்கச் சொல்லித்தான் இருக்கிறது, அதிலிருந்து வந்த பேச்சு இது. ஆனால் ஓடுகிற, குனிகிற, தள்ளுகிற கூட்டத்தில் ஒரு காலை மட்டும் குறி பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். குனிந்தவனுக்குத் தலையே முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். குறி கொஞ்சம் மேலே தவறித் தொடையில் பட்டாலோ, அங்கே ஓடும் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ஆள் போய்விடுவார். ரைஃபிள் குண்டு காலைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர் மேலும் பாயும். அதனால்தான் காலில் சுடுவதற்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது, நெஞ்சில் சுட என்ன காரணம் வேண்டுமோ அதே காரணம் காலில் சுடவும் வேண்டும்.

வானத்தை நோக்கிச் சுடுவது இன்னும் மோசமான யோசனை. மேலே போன குண்டு காணாமல் போவதில்லை, எங்கோ இறங்கும். "மேலே" என்று சொல்லிக்கொண்டு சாய்வாகச் சுட்டால் மாடியும் பால்கனியும்தான் அதன் வழி. நாராயண்கஞ்சில் மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த 6 வயதுச் சிறுமி குண்டு பட்டு இறந்தாள். அவள் கூட்டத்திலேயே இல்லை.

அப்புறம் அந்தச் "சின்னக் குண்டு". ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒரே குண்டு இருக்காது, சிறு சிறு உலோக உருண்டைகள் நிறைய இருக்கும், வங்காளத்தில் சர்ரா என்பார்கள். சுட்டதும் கைப்பிடி கடுகை வீசியது போலப் பரவும். தூரம் கூடக் கூட விரியும். அதாவது சுடுகிறவருக்கே எது யார் மேல் படும் என்று தெரியாது. ஆளைப் பார்த்துச் சுட வேண்டும் என்ற விதி இருக்க, யார் மேல் படும் என்றே தெரியாத ஆயுதத்தைக் கூட்டத்துக்கு முன் கொண்டுவந்தால் அங்கேயே விதி உடைந்துவிட்டது. டாக்காவின் தேசிய கண் மருத்துவமனையில் அந்த நாட்களில் கண்ணில் சர்ரா பட்டு வந்தவர்கள் நூற்றுக்கணக்கில். சாகவில்லை, பார்வை போனது.

சர்ராவோடு நிற்கவில்லை என்பது வேறு விஷயம். ஐ.நா. குழு 130 மரணங்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ராணுவம் போரில் பயன்படுத்தும் வகை ரைஃபிள்களால் நேர்ந்தவை. "சீன ரைஃபிள்" என்று அங்கே சொல்வார்கள். பல நூறு மீட்டர் தூரம் போய்க் கொல்வதற்காகச் செய்த ஆயுதம். அதைத் தெருவில் நின்று சுடுகிறவர் யாரையும் கலைக்க நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சட்டத்தில் இருக்கும் பழைய சொல்

சரி, இவ்வளவு தெளிவாக இருந்தால் ஏன் எல்லா ஊரிலும் "கலைக்க" என்றே எழுதுகிறார்கள்? ஏனென்றால் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் நமக்குச் சில சட்டங்களைச் செய்து கொடுத்தான். 1860-ல் தண்டனைச் சட்டம், 1861-ல் போலீஸ் சட்டம், 1898-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டம். ஆளப்படுகிறவன் கூட்டம் சேர்ந்தாலே ஆபத்து என்று பயந்தவன் எழுதியது. ஐந்து பேர் கூடி, அரசை மிரட்டுவது போன்ற சில நோக்கங்களில் ஒன்று அவர்களுக்கு இருந்தால் அது சட்டவிரோதக் கூட்டம். அதிகாரி கலைந்துபோகச் சொல்லலாம், போகாவிட்டால் பலத்தால் கலைக்கலாம். எவ்வளவு பலம்? ராணுவத்தை அழைக்கும் பிரிவில் மட்டும் ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறான்: கூட்டத்தைக் கலைப்பதற்கு எவ்வளவு குறைவாகப் போதுமோ அவ்வளவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கவனியுங்கள், அளவுகோல் "கலைவது". யாருடைய உயிரைக் காப்பாற்ற என்ற கேள்வியே அதில் இல்லை. கூட்டம் பிடிவாதமாக நின்றால் பலம் ஏறிக்கொண்டே போகலாம்.

வங்கதேசத்தில் அந்த 1898-ம் வருடச் சட்டமே இன்னும் ஓடுகிறது, 127, 128-ம் பிரிவுகள். இந்தியாவில் அது 1973-ல் 129 ஆனது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148 ஆகிவிட்டது. அந்தப் புதுச் சட்டம் இங்கே அமலுக்கு வந்த நாளும் டாக்கா மாணவர்கள் போராட்டம் தொடங்கிய நாளும் ஒன்றுதான், 2024 ஜூலை 1. எண் மாறியது, "கலைக்க" மாறவில்லை.

2018 மே 22-ம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் நடந்த துப்பாக்கிச் சூட்டையும், அடுத்த நாள் நடந்ததையும் சேர்த்து 13 பேர் இறந்தார்கள். உடனே எழுந்த விவாதம் என்ன? சுட உத்தரவிட்டது யார், துணை வட்டாட்சியர் எப்படிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கேள்வி தேவைதான், ஆனால் கையெழுத்துச் சரியாக இருந்தால் மட்டும் சூடு சரியாகிவிடாது. விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டதைப் பேசியது. கொல்லைப்பக்கம் ஊர்ந்து போன பாம்பு நினைவிருக்கிறதா?

144-ம் இதே குடும்பம்தான். வங்கதேசத்தில் இன்னும் அதே எண், இந்தியாவின் புதுச் சட்டத்தில் அது 163 ஆகிவிட்டது. அந்தத் தடையை மீறினால் அங்கே தண்டனைச் சட்டத்தின் 188-ம் பிரிவு, அதிகபட்சம் 6 மாதச் சிறை. நீதிமன்றம் விசாரித்து 6 மாதம் கொடுக்க வேண்டிய குற்றத்துக்குத் தெருவில் மரண தண்டனை கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. "144 போட்டப்புறம் ஏன் போனாங்க" என்பதற்குப் பதில் அவ்வளவுதான்.

உலக அளவில் "கலைக்க" என்ற அளவுகோல் எப்போதோ செத்துவிட்டது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-ல் எழுதியதில் நேராகவே இருக்கிறது: கூட்டத்தை வெறுமனே கலைப்பதற்காகத் துப்பாக்கியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, கண்மூடித்தனமாகச் சுடுவதும், விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து பாயும் முறையில் சுடுவதும் எந்த நிலையிலும் சட்டப்படி சரியாகாது. அந்தக் குழுவின் தாய் ஒப்பந்தமான குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் வங்கதேசம் 2000-லேயே சேர்ந்துவிட்டது.

சுருக்கிச் சொன்னால் இங்கே இரண்டு சட்டங்கள் மோதுகின்றன, பழையது "கலைந்தார்களா?" என்று கேட்கிறது, புதியது "யார் உயிர் காப்பாற்றப்பட்டது?" என்று கேட்கிறது.

அப்படியென்றால் போலீஸ் சுடவே கூடாதா?

சுடலாம். 2024 ஆகஸ்ட் 4-ம் தேதி சிராஜ்கஞ்ச் மாவட்டம் எனாயத்பூர் போலீஸ் நிலையத்தைக் கூட்டம் தாக்கியதில் 15 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அந்த மொத்தக் காலத்திலும் 44 போலீசார் கொல்லப்பட்டதாக அந்நாட்டுப் போலீஸ் கணக்கு. தன்னை அடித்துக் கொல்ல வருகிறவனைச் சுட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அந்தக் கான்ஸ்டபிளுக்கு உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே உரிமை உண்டு, அதை மறுக்கிறவர் பாம்புக் கதையைப் பாதிதான் படித்திருக்கிறார்.

ஆனால் மீர்பூர் 10 மெட்ரோ நிலையத்தை உடைத்தார்கள், அதற்காகச் சுடலாமா? ஆள் உயிருக்கு ஆபத்து இல்லையென்றால், இல்லை. பிடி, வழக்குப் போடு, நஷ்டத்தை வாங்கு. அந்த நிலையத்தைப் பார்க்கப் போன பிரதமர் அங்கே கண்ணீர் விட்ட காட்சி டிவியில் வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

விசை இழுத்தவரும் உத்தரவிட்டவரும்

ஜூலை 19-ம் தேதி இரவு ஊரடங்கு, கூடவே கண்டதும் சுட உத்தரவு. அதை வெளியே சொன்னது ஆளும் கட்சியின் பொதுச் செயலாளர். நம் மூன்று கேள்விகளுக்குப் பக்கத்தில் இந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள்: கண்டதும் சுடு. அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பார்க்காதே, ஆபத்தா என்று யோசிக்காதே, வெளியே இருக்கிறாரா, சுடு. இப்படி ஓர் உத்தரவு சட்டப்படி சரியாக இருக்க வழியே இல்லை.

இங்கேதான் கட்டளைப் பொறுப்பு வருகிறது. கீழே இருப்பவர்கள் குற்றம் செய்வது தெரிந்தும், தடுக்கும் அதிகாரம் இருந்தும், தடுக்காமலும் தண்டிக்காமலும் விட்ட மேலதிகாரியும் அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பாளி. நேரடியாக உத்தரவே போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். 2025 நவம்பர் 17-ம் தேதி டாக்காவின் சர்வதேசக் குற்றத் தீர்ப்பாயம் (பெயர்தான் அப்படி, அது வங்கதேசத்தின் சொந்த நீதிமன்றம்) ஷேக் ஹசீனாவுக்கும் உள்துறை அமைச்சராக இருந்த அசதுஸ்ஸமான் கான் கமாலுக்கும் அவர்கள் இல்லாமலே மரண தண்டனை விதித்தது. அப்ரூவராக மாறிய முன்னாள் போலீஸ் தலைவருக்கு 5 ஆண்டுச் சிறை. இது அரசியல் பழிவாங்கல் என்கிறார் ஹசீனா. மரண தண்டனையை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஏற்கவில்லை, எனக்கும் உடன்பாடில்லை, ஆனால் அது வேறு கட்டுரை.

சாதாரண நாளில் இவ்வளவு தூரம் போகாது. அதே பழைய சட்டத்தில் 132-ம் பிரிவு, கூட்டத்தைக் கலைக்கச் செய்த காரியத்துக்காக அதிகாரி மீது வழக்குப் போட வேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும் என்கிறது. இந்தியப் புதுச் சட்டத்தில் அது 151. அரசை எதிர்த்துப் போனவன் சுடப்பட்டான், சுட்டவர் மேல் வழக்குப் போட அதே அரசிடம் போய்க் கையேந்த வேண்டும். அரசு கவிழ்ந்ததால்தான் டாக்காவில் வழக்கு நகர்ந்தது.

அந்த நாட்களில் எடுத்த ஒரு வீடியோ பிறகு வெளியே வந்தது. டாக்காவில் ஒரு போலீஸ் அதிகாரி, உள்துறை அமைச்சரிடம் தன் செல்போனில் எதையோ காட்டி விளக்குகிறார். குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை, சொன்ன வேலை முடியவில்லையே என்ற கவலைதான் இருக்கிறது. சுடுகிறோம் சார், ஒருத்தன் சாகிறான், ஒருத்தனுக்குக் காயம், அவன் மட்டும்தான் போகிறான், மீதிப் பேர் போக மாட்டேன் என்கிறார்கள்.